சனிக்கிழமை ராத்திரி போட்ட கணக்கு: ஒரு கால்பந்து ரசிகர் குழு தோல்வியை மதிப்பிட்ட விதம்

பின்னணி

ராமேஸ்வரம் தீவில் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே உள்ள ஒரு கடற்கரைக் குடியிருப்பில் 2024 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடந்தது இது. அங்கே சென்னையின் எஃப்சி அணிக்கு 18 ரசிகர்கள் சேர்ந்து ஆட்டம் பார்ப்பது வழக்கம். குழுவுக்குப் பெயர் வைக்கவில்லை. வசூல் நோட்டு ஒன்று மட்டும் இருந்தது, அதை எழுதி வந்தவன் நான். ஆகவே இதில் வரும் பிழைகளில் எனக்கும் பங்கு உண்டு.

18 பேரில் 7 பேர் விசைப்படகில் போகிறவர்கள். மற்றவர்களில் ஐஸ் கம்பெனி ஆள், லேத் பட்டறைக்காரர், லோடு ஆட்டோ ஓட்டுபவர், கருவாட்டு வியாபாரி, பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் அடக்கம். ஒருவர் பல வருடம் கொல்லம் பக்கம் தொழில் செய்தவர். அவருக்கு மனசு கேரளா பிளாஸ்டர்ஸிடம், உட்காருவது எங்களோடு. ஆட்டம் பார்ப்பது வலை வைத்திருக்கும் கொட்டகையில். பழைய புரொஜெக்டர், திரைக்கு வெள்ளை வேட்டி, அப்போது ஜியோசினிமா செயலி.

அந்த சீசனில் ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) 12 அணிகள், அணிக்கு 22 ஆட்டங்கள். முதல் இரண்டு இடம் நேரே அரையிறுதிக்குப் போகும். 3 முதல் 6 வரை வருகிறவர்கள் பிளே-ஆப் என்ற ஒற்றை ஆட்டத்தில் மோதி மிச்சமுள்ள இரண்டு அரையிறுதி இடங்களைப் பிடிக்க வேண்டும். எங்கள் பேச்செல்லாம் அந்த ஆறாவது இடத்தைப் பற்றித்தான்.

அணி உள்ளூரில் ஆடும் கடைசி லீக் ஆட்டம் ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை, நார்த் ஈஸ்ட் யுனைடெட்டோடு. அதை சென்னை நேரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அக்டோபரிலிருந்து ஆளுக்கு வாரம் 100 ரூபாய் போட்டு வந்தோம். ரயில் அப்போது பாம்பன் பாலத்தைத் தாண்டி வருவதில்லை. அதனால் வேன்தான் என்று முடிவு. திங்கள் கடலுக்குப் போன படகு செவ்வாய் காலை கரை ஏறும். மீனை இறக்கிவிட்டு அப்படியே வேனில் ஏறினால் ஆட்டத்துக்குப் போய்ச் சேரலாம். புதன்கிழமை டோக்கன், அதாவது படகு கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டு, போய்விடும். ஏப்ரல் 15-ல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது என்பதால் அதற்கு முந்தைய ஒவ்வொரு டோக்கனும் பெரிது. அதையும் விடத் தயாராக இருந்தார்கள் அந்த 7 பேர். பின்னால் வரப்போகும் மனத்தாங்கலுக்கு இதுதான் வேர்.

மார்ச் 9: தோல்வியும் அன்றிரவுக் கூட்டமும்

மார்ச் 9 சனிக்கிழமை, சென்னையில் ஐதராபாத் எஃப்சியோடு ஆட்டம். பணப் பிரச்சினையில் மாட்டி, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் போய்விட, இளம் பையன்களை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்த அணி அது. அந்த சீசனில் அதுவரை ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. அவர்களிடம் 0-1 என்று தோற்றோம். சீசன் முழுவதிலும் ஐதராபாத் பெற்ற ஒரே வெற்றி அதுதான்.

இங்கே விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி கடல். ஆக, அன்றிரவு கொட்டகையில் 11 பேர், கடலில் 7 பேர்.

ஆட்டம் முடிந்ததும் ஆட்டத்தைப் பற்றிப் பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. யார் தப்பு செய்தார்கள், பந்து எங்கே போயிருக்க வேண்டும் என்றெல்லாம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேச்சு நேராக வேனுக்குப் போனது. 18 ஆட்டத்தில் 18 புள்ளி. பட்டியலில் கீழ்ப்பக்கம். மிச்சம் 4 ஆட்டம்: கொல்கத்தாவில் மோகன் பகான், சென்னையில் ஜாம்ஷெட்பூர், சென்னையில் நார்த் ஈஸ்ட், கடைசியாகக் கோவாவில் எஃப்சி கோவா.

நாலையும் ஜெயித்தால் 30. அதற்கு வாய்ப்பில்லை என்பதில் எல்லோரும் ஒரே கருத்து. மோகன் பகானிடமும் கோவாவிடமும் தோல்வி, உள்ளூர் ஆட்டம் இரண்டிலும் வெற்றி என்று லேத் பட்டறைக்காரர் எழுதிக் காட்டினார்: 24. அது ஆறாம் இடத்துக்குப் பற்றாது என்றார்.

"ஒரு மேச்சும் ஜெயிக்காத டீமுகிட்ட தோத்துட்டு, கல்கத்தாவுல போய் மோகன் பகான ஜெயிக்கப் போறாங்களாக்கும். தம்பி, எழுதி வச்சுக்க. இந்த வருசம் முடிஞ்சுது."

இப்படிச் சொன்னவர் எங்களில் மூத்தவர் ஒருவர். நானும் எழுதினேன்.

மறுத்துப் பேசியது விளையாட்டு ஆசிரியர். 2019 டிசம்பரில் அணி அடிமட்டத்தில் கிடந்தபோது ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வந்தார், அதே அணி 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை போனது, இப்போதும் அதே மனிதர்தான் பயிற்சியாளர் என்று நினைவுபடுத்தினார். "சார், அது அப்போ" என்று முடித்துவிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதும் கணக்கு இல்லை, ஆசைதான். முன்பு ஒருமுறை நடந்தது என்பது இம்முறையும் நடக்கும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

முடிவும் அதன் உண்மையான காரணமும்

வேனை ரத்து செய்வது, வசூல் பணத்தைப் பிரித்துக் கொடுப்பது என்று 8-க்கு 3 என்ற கணக்கில் முடிவானது. நான் 8 பேரில் ஒருவன்.

வெளியே சொன்ன காரணம் 'பிளே-ஆப் வாய்ப்பு இல்லை' என்பது. உள்ளே இன்னொன்று இருந்தது. அந்த மூத்தவர் வேலை பார்த்த படகை இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருந்தது. படகு முதலாளியான சம்மாட்டிக்கே வழியில்லாதபோது கூலியாள் என்ன செய்வார்? பல வாரமாக வருமானம் இல்லை, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். தன் பங்கைத் திருப்பிக் கேட்க அவருக்குக் கூச்சம். அணி தோற்றதும் அந்தக் கூச்சத்துக்கு வேலை இல்லாமல் போனது. 'முடிஞ்சுது' என்று அழுத்திச் சொன்னவர் அவர்தான். ஈஸ்டர், ரம்ஜான் இரண்டும் முன்னால் நிற்க, இன்னும் மூன்று நாலு பேருக்கும் கையில் காசு வந்தால் தேவலை என்றிருந்தது.

பணம் வேண்டும் என்பது நேர்மையான காரணம். அதைக் கால்பந்துக் கணக்காக உடை மாற்றிக் கொண்டுவந்ததுதான் கோளாறு. வாய்ப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை தேடவே இல்லை. வேண்டிய விடையை முதலில் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்றாற்போல ஆட்டங்களை அடுக்கினோம். இது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது.

கணக்கில் எது சரி, எது பிழை

பின்னால் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது தெரிந்தவை இவை. எல்லாமே தப்பு என்று சொல்லமாட்டேன். 24 புள்ளி பற்றாது என்று லேத் பட்டறைக்காரர் சொன்னது சரி. சீசன் முடிவில் 26 எடுத்த நார்த் ஈஸ்ட் ஏழாவதாகத்தான் வந்தது. கோவாவிடம் தோற்போம் என்றதும் பலித்தது. உள்ளூர் ஆட்டம் இரண்டும் வெற்றி என்றதும் பலித்தது. ஆக, நாலில் மூன்று சரி. கொல்கத்தா ஒன்றுதான் தப்பியது, ஆனால் முடிவு முழுவதும் அந்த ஒன்றின் மேல்தான் நின்றது.

கொல்கத்தாவுக்கு ஏன் பூஜ்யம் போட்டோம்? மோகன் பகான் பலமான அணி என்பதால் மட்டும் இல்லை. கடைசி இடத்தில் கிடப்பவனிடம் தோற்றவன் முன்னணியில் நிற்பவனிடம் இன்னும் மோசமாகத் தோற்பான் என்று ஒரு படிக்கட்டை மனதில் கட்டிக்கொண்டோம். அப்படிப் படிவரிசையில் நடக்கிற ஆட்டம் இல்லை கால்பந்து. ஒரு கோலில் முடிகிற ஆட்டம் அடுத்த ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. கடல் தொழிலில் இது எங்களுக்கு நன்றாகவே தெரியும். நேற்று மீன் பாடு இல்லை என்பதற்காக இன்றைக்குப் படகைக் கட்டிப்போடுகிறவன் இல்லை.

அடுத்த பிழை, எங்கள் ஆட்டங்களை மட்டும் எண்ணியது. ஜாம்ஷெட்பூரும் நார்த் ஈஸ்ட்டும் அதே ஆறாம் இடத்துக்கு நின்றவர்கள். அவர்களை வென்றால் நமக்கு 3 ஏறுவதோடு அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய 3 போய்விடும். பஞ்சாப், ஈஸ்ட் பெங்கால், பெங்களூரு எல்லாம் தங்களுக்குள் மோதவேண்டியிருந்தது. எல்லோரும் எல்லாவற்றையும் ஜெயிக்க முடியாது. எங்கள் நோட்டிலோ மற்ற அணிகள் அத்தனையும் ஜெயித்துக்கொண்டே போயின.

மூன்றாவது, கிரிக்கெட் பழக்கம். புள்ளி சமமானால் கோல் வித்தியாசம்தான், நெட் ரன் ரேட் மாதிரி என்று எல்லோருமே நினைத்திருந்தோம். ஐஎஸ்எல் விதி வேறு. சமமான அணிகள் ஒன்றோடொன்று ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்த சீசன் முடிவில் பஞ்சாபும் ஈஸ்ட் பெங்காலும் ஆளுக்கு 24. மொத்த கோல் வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்கால் மேலே இருந்தும் பஞ்சாபுக்குத்தான் எட்டாவது இடம். எங்களுக்கு இதில் கெட்ட செய்தியும் இருந்தது. பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலிடம் 0-1 தோற்றிருந்தோம். கோல் அடித்தவர் நம்ம சென்னைக்காரர் நந்தகுமார் சேகர்தான். சென்னையில் நடந்த ஆட்டமோ சமன். ஆகவே ஈஸ்ட் பெங்காலோடு புள்ளி சமமானால் நாங்கள்தான் கீழே. மார்ச் 9 அன்று இதை யோசித்திருந்தால் 'முடிஞ்சுது' என்றவர்களுக்கு இன்னும் நல்ல ஆயுதம் கிடைத்திருக்கும். அவர்களுக்கும் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. பட்டியல் கல்லில் வெட்டியது இல்லை. மார்ச் 8-ல் ஜாம்ஷெட்பூர் மும்பை சிட்டியோடு 1-1 என்று சமன் செய்தது. ஆடுகளத்தில் எப்போதும் குறைந்தது 7 இந்திய ஆட்டக்காரர்கள் இருக்க வேண்டும் என்ற விதியை அதில் ஜாம்ஷெட்பூர் மீறிவிட்டதாகத் தீர்ப்பாகி, ஆட்டம் 3-0 என்று மும்பைக்குப் போனது. நாங்கள் பார்த்துக் கூட்டிக் கழித்த பட்டியலில் இருந்த ஒரு புள்ளி பிறகு காணாமல் போயிற்று. இதை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. அதை எங்கள் பிழைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை

முடிவைச் சனி இரவே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போட்டேன். படகில் இருந்தவர்களுக்கு அது கேட்டது ஞாயிறு விடியலில், கரை தெரியும் தூரத்துக்கு வந்து சிக்னல் கிடைத்தபோது. தோற்ற செய்தியும் வேன் ரத்தான செய்தியும் அவர்களுக்கு ஒரே நேரத்தில் வந்தன.

ஏலக்கூடத்துப் பக்கம் என்னைப் பார்த்ததும் ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "நாங்க என்ன செத்தா போயிட்டோம்? விடிஞ்சா வந்துருவோம்ல. அதுக்குள்ள என்ன அவசரம்?"

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. டோக்கனை விடத் தயாராக இருந்தவர்கள் அந்த 7 பேர். அவர்களைக் கேட்காமல் முடிவெடுத்தவர்களில் பலருக்கு அப்படி விட ஒன்றும் கிடையாது. 7 பேரும் ரத்து வேண்டாம் என்றிருந்தால் 8-க்கு 10 என்று முடிவு மாறியிருக்கும். எண்ணிப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

வசூல் 36,400 ரூபாய். வேனுக்குக் கொடுத்த 5,000 முன்பணத்தில் 3,000 திரும்பியது. மிச்சத்தை அவரவர் கட்டியதற்கு ஏற்பப் பிரித்தேன். படகுக்காரர்களில் இரண்டு பேர் பணத்தை வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 31 முதல் ஏப்ரல் 10 வரை

மார்ச் 31 ஈஸ்டர் ஞாயிறு. கொல்கத்தா ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்தது 6 பேர். முதலில் மோகன் பகான் ஒரு கோல். இரண்டாம் பாதியில் சமன், பிறகு நாங்கள் 2-1. அதற்குள் கொட்டகை வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. 90 நிமிடம் தாண்டிய கூடுதல் நேரத்தில் அவர்களுக்குப் பெனால்டி, 2-2. 'போச்சு' என்று சிலர் எழுந்தபோது இர்ஃபான் யத்வாட் அடித்தார், 3-2. அந்த சீசனில் லீக்கில் முதலிடம் பெறுவதற்கான ஷீல்டை 48 புள்ளியோடு வென்ற அணியை அதன் ஊரிலேயே சாய்த்தாகிவிட்டது.

ஏப்ரல் 4, ஜாம்ஷெட்பூரை 2-1. புள்ளி 24.

மறுநாள் வேன் தேடினோம். கிடைக்கவில்லை. ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல், ஓடுகிற வண்டியெல்லாம் பிரசாரத்துக்குப் போயிருந்தது. வண்டி கிடைத்திருந்தாலும் பணம் இல்லை. பிரித்துக் கொடுத்த பணம் துணிக்கும் கட்டணத்துக்கும் பழைய கடனுக்கும் போய்விட்டது. ரம்ஜான் நோன்பிலிருந்த மூன்று பேர் எப்படியும் வர இயலாது. கடைசியில் 4 பேர் அரசு பஸ்ஸில் போனார்கள். அதில் ஒருவர், கொட்டகைக்கு வராமலிருந்த படகுக்காரர். எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஸ்டேடியத்தில் மற்ற மூவரும் பார்த்துத்தான் தெரியும்.

ஏப்ரல் 9 இரவு கொட்டகையில் ஒரு விசித்திரம். இணையத்தில் வரும் ஒளிபரப்பு நேரடி ஆட்டத்துக்குக் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். ஸ்டேடியத்தில் இருந்த ஒருவர் போனைத் துண்டிக்காமல் வைத்திருந்தார். ஆட்டம் 1-1, நேரம் முடிகிற கட்டம். வேட்டியில் பந்து இன்னும் நடுக்களத்தில் உருள்கிறது, போனில் கூரை பிய்கிற இரைச்சல். கோல் என்று தெரிந்துவிட்டது. அது யாருடைய கோல் என்று தெரியாமல் சில நொடிகள் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுடையதுதான். 2-1, 27 புள்ளி.

அதோடு முடியவில்லை. 24 புள்ளியில் இருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு ஆட்டம் பாக்கி. அதை ஜெயித்தால் அவர்களுக்கும் 27, நேருக்கு நேர் கணக்கில் அவர்கள் மேலே. இம்முறை அதை நோட்டில் முன்பே எழுதி வைத்திருந்தேன். ஏப்ரல் 10 அன்று பஞ்சாப் ஈஸ்ட் பெங்காலை 4-1 என்று வென்றது. கோவா ஆட்டம் எப்படிப் போனாலும் ஆறாம் இடம் எங்களுக்கு என்று ஆனது. அன்று புதன்கிழமை, படகுகள் கடலில். மறுநாள் ரம்ஜான் காலையில்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

முடிவு

ஏப்ரல் 14-ல் கோவாவிடம் 1-4. மறுநாளே தடைக்காலம். ஏப்ரல் 20 அன்று அதே கோவாவோடு அவர்கள் ஊரில் பிளே-ஆப் ஆட்டம், 1-2 என்று தோற்று வெளியேறினோம். படகெல்லாம் கரையில் நின்றதால் அந்த சீசனில் முதல் முறையாக 17 பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த ஆட்டம் அது. அன்றும் தோல்விதான். ஆனால் ராத்திரி ஒரு மணி வரை ஆட்டத்தைப் பற்றியே பேசினோம். கேரளா ரசிகரின் அணியும் பிளே-ஆப்பில் தோற்றிருந்ததால் கேலி செய்ய அவருக்கு வாய்ப்பில்லை.

கொட்டகையை விட்டுப் போன இருவரில் ஒருவர் திரும்ப வந்தார். மற்றவர் இன்றுவரை வரவில்லை. நேரில் பார்த்தால் பேசுகிறார், ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

மாற்றிக்கொண்டவை

தோற்ற ராத்திரியில் பணத்தைப் பற்றி எதுவும் முடிவெடுப்பதில்லை, படகு கரை ஏறிய பிறகு எல்லோரும் இருக்கும்போதுதான் என்று வைத்துக்கொண்டோம். இதை இரண்டு முறை மீறியிருக்கிறோம், இரண்டும் சின்னத் தொகை. வசூலில் ஒரு பகுதியைக் கைமாற்றாக எடுத்துக்கொள்ளலாம், காரணம் கேட்கக்கூடாது என்றும் ஆனது. பணம் தேவைப்படுகிறவர் அணியைச் சபிக்கவேண்டிய அவசியம் இதனால் இல்லை. என் கருத்தில் இந்த ஒன்றுதான் பெரிய மாற்றம். மற்றதெல்லாம் எழுத்து வேலை: போட்டி அணிகளின் மிச்ச ஆட்டங்களுக்கு ஒரு பக்கம், நேருக்கு நேர் முடிவுகளுக்கு ஒரு பத்தி, 'நிச்சயத் தோல்வி' என்று எழுத வேண்டுமானால் பக்கத்தில் காரணம்.

செய்யத் தவறியது ஒன்று உண்டு. மூத்தவரிடம் மார்ச்சிலேயே தனியாகப் பேசியிருந்தால் அவர் பங்கை மட்டும் கொடுத்துவிட்டு வேனை வைத்திருந்திருக்கலாம். அவருடைய நிலைமை எனக்கு முன்பே தெரியும்.

2024-25 சீசனில் அணிகள் 13, ஆட்டங்கள் 24. சென்னையின் எஃப்சி எடுத்தது அதே 27 புள்ளி. இடம் 11. ஆறாவதாக வந்த மும்பைக்கு 36. அந்த வருடக் கடைசியில் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் புரட்டி, படகு கரையில் நின்ற ஒரு வெள்ளிக்கிழமை, வேன் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். சம்மதிக்காதவர் ஒரே ஒருவர், முந்தைய வருடம் 'முடிஞ்சுது, எழுதி வச்சுக்க' என்று சொன்ன அதே மூத்தவர்.

"போன தடவையும் இப்படித்தான தம்பி எழுதுன" என்றார். ஆட்டத்துக்கு முதல் நாள் தன் செலவில் பஸ் ஏறிவிட்டார்.